கண்ணாடியை வளைக்க எத்தனை பேர் வேண்டும்?



ஒரு ஸ்டார்ட்அப் எப்படிப் பிறக்கிறது, அதன் குழு எப்படி அமைகிறது என்று பேசும்படி அழைத்திருக்கிறார்கள். வீடு தேடி உணவு கொண்டுவரும் நிறுவனங்களின் கதையும், கைப்பேசியில் பணம் அனுப்பும் நிறுவனங்களின் கதையும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே வேறொரு வகையை எடுத்துக்கொள்கிறேன்: வளையும் கண்ணாடி செய்து விற்கிற நிறுவனங்கள். தகவமை ஒளியியல் என்று பாடநூல்கள் சொல்லும் துறை அது. அவர்களுக்கு விளம்பரம் கிடையாது, கடை கிடையாது. வாங்குகிறவர்கள் வானியலாளர்கள், கண் ஆய்வாளர்கள், ராணுவத்தார், லேசர் ஆய்வுக்கூடத்தார். ஏறக்குறைய அவ்வளவுதான்.

இவற்றில் முக்கியமான ஒன்று பாஸ்டன் மைக்ரோமெஷின்ஸ். 1999இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கியது. நிறுவியவர்கள் இருவர்: பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் பேராசிரியர் தாமஸ் பிஃபானோ, அவரோடு பால் பியர்டன். நாளிதழ்ச் செய்தி என்றால் இதோடு முடிந்தது. இரண்டு பேர், ஓர் ஆண்டு, ஓர் ஊர். அந்த இரண்டு பெயரும் அந்த ஓர் ஆண்டும் விஷயத்தில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்பதே இன்று என் பேச்சு. அந்தக் குழு 1999க்கு முன்பே கூடத் தொடங்கிவிட்டது. அதில் பலர் அந்த நிறுவனத்தில் ஒருநாளும் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர்.

கண்ணாடியை ஏன் வளைக்க வேண்டும் என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரத்தின் ஒளி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கலையாமல் வந்து, கடைசிச் சில கிலோமீட்டரில், நம் காற்றுமண்டலத்தில் கசங்கிப்போகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், நல்ல மலையுச்சியில்கூட 10 முதல் 20 சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் அலைமுகம் சீராக இருக்கும். நீங்கள் 8 மீட்டர் தொலைநோக்கி கட்டினாலும், படத்தின் கூர்மை 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி தருவதைத் தாண்டாது. அதிக ஒளி சேரும், அவ்வளவே. 1953இல் ஹொரேஸ் பாப்காக் என்ற அமெரிக்க வானியலாளர் இதற்கு ஒரு வழி எழுதினார். வரும் அலை எங்கே எவ்வளவு கசங்கியிருக்கிறது என்று அளந்து, அதே அளவுக்கு எதிர்த்திசையில் ஒரு பரப்பை நெளித்துவிட்டால் அலை நிமிர்ந்துவிடும். எண்ணெய்ப் படலம் ஒன்றை எலெக்ட்ரான் கற்றையால் நெளிக்கலாம் என்பது அவர் யோசனை. காற்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாறும். அந்த வேகத்துக்குக் கணக்குப் போடும் கணினி அன்று இல்லை. யோசனை தாளில் தங்கிவிட்டது.

அதைத் தாளிலிருந்து எடுத்தவர்கள் வானியலாளர்கள் அல்லர். இங்கேதான் நம் குழுவின் முதல் ஆட்கள் வருகிறார்கள்.

1957இல் ரிச்சர்ட் லெகார்ன் என்ற முன்னாள் விமானப்படை அதிகாரி, லாரன்ஸ் ராக்ஃபெல்லரின் பண உதவியோடு, மாசசூசெட்ஸில் ஐடெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பங்குச்சந்தையில் அந்தப் பங்கு பறந்தது. வாங்கியவர்களில் பலருக்கு அது உண்மையில் எதைச் செய்து சம்பாதிக்கிறது என்று தெரியாது. கொரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளின் படக்கருவியை வடிவமைத்தது அந்த நிறுவனம்தான். (நம்மை வீட்டில் அடைத்த கொரோனாவுக்கும் அதற்கும் உறவில்லை. இதன் முதல் படங்கள் 1960இல் கிடைத்தன. 1995இல்தான் அரசு கோப்புகளை வெளியிட்டது.) மேலிருந்து கீழே பார்க்கத் தெரிந்தவர்களிடம், கீழிருந்து மேலே பார்க்க முடியுமா என்று 1970களின் தொடக்கத்தில் ராணுவ ஆய்வு அமைப்பான தார்ப்பா கேட்டது. சோவியத் செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து தெளிவாகப் படமெடுப்பது நோக்கம். ஜான் ஹார்டி தலைமையில் 21 இயக்கிகள் கொண்ட சோதனைக் கருவி உருவானது. இயக்கி என்றால், வளையும் கண்ணாடியின், அதாவது ஆடியின், பின்னாலிருந்து அதைத் தள்ளவோ இழுக்கவோ செய்யும் சிறு உறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1982இல் ஹவாயின் ஹலேயாகாலா மலையுச்சியில் 1.6 மீட்டர் தொலைநோக்கியில் 168 இயக்கிகளோடு முழுக் கருவி வேலை செய்தது.

அந்த ஐடெக்கில் இருந்தவர் ஜூலியஸ் ஃபைன்லீப். மின்னழுத்தத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கும் பீசோ பீங்கானால் ஒரே கட்டியாகச் செய்த வளையும் ஆடியைப் பற்றி அவரும் சகாக்களும் 1974இல் எழுதினார்கள். 1978இல் அவர் கேம்பிரிட்ஜில் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் அசோசியேட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஐடெக்கிலேயே ஆடி செய்துகொண்டிருந்த மார்க் ஈலி 1993இல் ஜினெடிக்ஸைத் தொடங்கினார். ஹவாயின் கெக் தொலைநோக்கிக்கு 349 இயக்கிகள் கொண்ட ஆடியை ஜினெடிக்ஸ் செய்து கொடுத்தது. பின்னாளில் இரண்டு நிறுவனங்களும் நார்த்ராப் கிரம்மன் என்ற ராணுவத் தளவாட நிறுவனத்துக்குள் போய் ஒரே பிரிவாகிவிட்டன. வாங்குவது விற்பதெல்லாம் நடந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஐடெக், ஃபைன்லீப், ஈலி, பிறகு பிஃபானோ, எல்லாரும் மாசசூசெட்ஸ் என்ற ஒரே சிறிய மாநிலத்துக்குள். அந்த மாநிலத்தின் பரப்பு தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். ஓர் ஆடி செய்யத் தெரிந்தவர், அதை அளக்கத் தெரிந்தவர், அதற்குப் பணம் தரத் தெரிந்தவர் மூவரும் ஒரே மாலையில் சந்தித்துவிட்டு வீடு திரும்பக்கூடிய தூரம்.

இனி பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பிஃபானோவின் முனைவர் பட்ட ஆய்வு நட்சத்திரத்தைப் பற்றியதும் அல்ல, சில்லைப் பற்றியதும் அல்ல. கண்ணாடி போன்ற நொறுங்கும் பொருளை எப்படித் தேய்த்தால் விரிசல் விழாமல் உலோகம்போல வழவழவென்று வரும் என்பது. வட கரோலினாவில் அந்த வேலையைச் செய்தவர், பாஸ்டனுக்கு வந்து சிலிக்கானில் நுண்பொறிகள் செய்யும் மெம்ஸ் தொழில்நுட்பத்தில் இறங்கினார். உயர் மின்னழுத்தமும் நிலைமின்னியலும் தெரிந்த மின்பொறியியல் பேராசிரியர் மார்க் ஹோரன்ஸ்டைன் கூடச் சேர்ந்தார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிதி இருந்தது. 1994இல் கடற்படை ஆய்வு அலுவலகம் தந்த 2.9 கோடி டாலரில் அதே பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸ் மையம் தொடங்கியிருந்தது. 1997இல் இவர்களுடைய சிலிக்கான் ஆடி பற்றிய கட்டுரை ஆப்டிகல் எஞ்சினியரிங் இதழில் வந்தபோது, அதில் முதற்பெயர் பேராசிரியருடையது அல்ல, ஆய்வு மாணவருடையது. நிறுவனம் பதிவாவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே குழு இருந்தது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

அந்த ஆடியின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடியில் ஒரு மின்முனை. அதற்கு மேலே, சில மைக்ரான் இடைவெளி விட்டு, ஓரங்களில் பிடிக்கப்பட்ட மெல்லிய சிலிக்கான் தகடு. தகட்டின் நடுவில் ஒரு குட்டித் தூண். தூணின் தலையில் ஆடிப் பரப்பு. மின்முனைக்கு 200 வோல்ட் அளவில் கொடுத்தால் தகடு ஓரிரு மைக்ரான் கீழே இறங்கும், அந்த இடத்தில் ஆடி குழியும். மனிதத் தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்கே ஆன அசைவு. ஒளியின் அலைநீளமே அரை மைக்ரான் என்பதால் இது போதும். ஆடி அசையாமல் நிற்கும்போது மின்னோட்டம் இல்லை, ஆகவே சூடு இல்லை. பீசோ பீங்கானுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஏற்றும்போது நிற்கும் இடமும் இறக்கும்போது நிற்கும் இடமும் ஒன்றாக இருக்காது. சிலிக்கானுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஒரே மின்னழுத்தத்துக்கு ஒரே இடம்.

ஒரு குறை உண்டு. நிலைமின் விசை இழுக்கும், தள்ளாது. ஆகவே எல்லா இயக்கிகளையும் முதலிலேயே பாதி இழுத்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து கூட்டவும் குறைக்கவும் வேண்டும். செய்முறையில் இன்னும் தலைவலிகள். அடுக்கடுக்காகச் சிலிக்கானையும் கண்ணாடிப் பொருளையும் படியவைத்து, கடைசியில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் அந்தக் கண்ணாடிப் பொருளை மட்டும் கரைத்து எடுப்பார்கள். அமிலம் உள்ளே போக ஆடியில் துளைகள் வேண்டும், அந்தத் துளைகள் ஒளியைச் சிதறடிக்கும். கீழ் அடுக்கின் மேடுபள்ளம் மேல் அடுக்கில் அச்சாக விழும். படிந்த அடுக்குகளுக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தால் ஆடி தானாகவே கிண்ணம்போல வளையும். தேய்ப்பதில் முனைவர் பட்டம் வாங்கியவர் இந்த இடத்தில் இருந்தது தற்செயலாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பரப்பு வழவழப்பாக இல்லையென்றால் தூக்கம் வராத மனிதர்தான் இந்தச் சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்ட முடியும்.

இவ்வளவும் செய்ய ஒரு சில்லு ஆலை வேண்டும். பல்கலைக்கழகக் குழுவிடம் அது ஏது? வட கரோலினாவில் எம்சிஎன்சி என்ற ஆய்வு நிறுவனம் பொதுச் சேவை ஒன்றை நடத்தியது. பலருடைய வடிவமைப்புகளை ஒரே வேஃபரில், அதாவது சிலிக்கான் வட்டில், போட்டு, மூன்று சிலிக்கான் அடுக்கு கொண்ட ஒரே செய்முறையில் செய்து, அவரவர் துண்டை அவரவருக்கு அனுப்பிவிடுவார்கள். ஷேர் ஆட்டோ போலத்தான். செலவு குறைவு, ஆனால் அது போகிற வழியில்தான் நாம் போக முடியும், நமக்காக ஓர் அடுக்கைத் தடிமனாக்கச் சொல்ல முடியாது. பாஸ்டன் குழுவின் தொடக்ககால ஆடிகள் இப்படி வந்தவை. அந்த ஆலையின் கதையைக் கேளுங்கள். 1999இல் க்ரோனாஸ் என்ற பெயரில் அது தனி நிறுவனமாயிற்று. 2000இல், தொலைத்தொடர்புப் பங்குகள் கொதித்த காலத்தில், ஜேடிஎஸ் யூனிஃபேஸ் அதை 75 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. குமிழி உடைந்ததும் 2002இல் மெம்ஸ்கேப் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போனது. ஆலையை நடத்தும் கை நான்கு ஆண்டுக்குள் இத்தனை முறை மாறினால், அதில் இருக்கை மட்டும் வாங்கிப் பயணம் செய்யும் சின்ன நிறுவனத்தின் நிலை என்னவென்று யோசித்துப் பாருங்கள். சொந்த ஆலை இல்லாத நிறுவனத்துக்கு, அடுத்தவர் ஆலையில் வேலை செய்யும் அமிலத்தொட்டிப் பொறியாளரும் குழுவில் ஒருவரே. அவர் வேலை மாறிப் போனால் உங்கள் ஆடியின் தரமும் மாறும்.

1999இல் நிறுவனம் பதிவானபோது யார் எங்கே இருந்தார்கள்? பிஃபானோ பேராசிரியராகவே தொடர்ந்தார். நிறுவனத்துக்குத் தொழில்நுட்பத் தலைமை கொடுத்தார். பிறகு ஃபோட்டானிக்ஸ் மையத்தின் இயக்குநரும் ஆனார். நிறுவனத்தை நடத்தும் பொறுப்பு பியர்டனிடம். நம் ஊரில் பலர், பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தால்தான் உண்மையான தொழில்முனைவோர் என்று நினைக்கிறார்கள். முதலீட்டாளர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். இந்தத் துறையில் அது நல்ல யோசனை அல்ல என்பது என் கருத்து. ஆய்வகத்தில் அடுத்த தலைமுறை ஆடி உருவாகிக்கொண்டே இருக்க வேண்டும், மாணவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். நிறுவனத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆடி சொன்ன தேதியில் போய்ச் சேர வேண்டும். இரண்டும் ஒரே மனிதனின் நாளில் அடங்காத வேலைகள்.

பணம் எங்கிருந்து வந்தது? 1982இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய ஆய்வு நிதி வைத்திருக்கும் ஒவ்வொரு அரசுத் துறையும் அதில் ஒரு சிறு விழுக்காட்டை 500 பேருக்கு மேற்படாத நிறுவனங்களுக்கே கொடுத்தாக வேண்டும். 2017 நிதியாண்டில் அது 3.2 விழுக்காடாயிற்று. முதல் கட்டத்தில் சிறு தொகை, யோசனை தேறுமா என்று பார்க்க. தேறினால் இரண்டாம் கட்டத்தில் பெரிய தொகை, செய்து காட்ட. அரசு பங்கு கேட்காது. அறிவுச்சொத்து நிறுவனத்திடமே இருக்கும். பாஸ்டன் மைக்ரோமெஷின்ஸ் நாசாவிடமிருந்து இத்தகைய ஒப்பந்தங்களைத் திரும்பத் திரும்பப் பெற்றிருக்கிறது. வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் படமெடுக்க விண்வெளியில் ஒருநாள் ஆடி வேண்டும் என்று நாசாவுக்குத் தெரியும். அந்த ஒருநாள் எப்போது என்று நாசாவுக்கே தெரியாது. அதுவரை ஆடி செய்யத் தெரிந்தவர்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. சில விமர்சகர்கள் இந்த ஒப்பந்தங்களையே நம்பி வாழும் நிறுவனங்களைக் கேலி செய்வார்கள். கேலியில் நியாயம் உண்டு. ஆனாலும் வேறு வழியில் இந்த ஆடி வந்திருக்குமா என்று அவர்கள் சொல்வதில்லை.

இப்போது வாடிக்கையாளர். இவர்களை நான் குழுவின் உறுப்பினர்கள் என்றே சொல்வேன்.

நிறுவனம் பிறந்த அதே 1999இல், கலிஃபோர்னியாவின் சான்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தகவமை ஒளியியல் மையம் ஒன்று தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியில் தொடங்கியது. முதல் இயக்குநர் ஜெர்ரி நெல்சன், கெக் தொலைநோக்கியின் ஆடியை அறுகோணத் துண்டுகளாகச் செய்யலாம் என்று காட்டியவர். அவருக்குப் பிறகு கிளேர் மேக்ஸ். வானியலாளரையும் கண் ஆய்வாளரையும் ஒரே மையத்தில் உட்கார வைத்தது இதன் சிறப்பு. நட்சத்திர ஒளி காற்றில் கசங்குவதுபோல, விழித்திரையிலிருந்து திரும்பும் ஒளி நம் கண்ணின் கார்னியாவிலும் வில்லையிலும் கசங்குகிறது. ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்லியம்ஸ் குழு 1997இல் வளையும் ஆடியை வைத்து உயிருள்ள மனிதக் கண்ணின் ஒளியுணர் செல்களைத் தனித்தனியாகப் படமெடுத்துவிட்டது. அந்த ஆடிகள் பெரியவை, விலை அதிகம். 2002இல் சிறிய சிலிக்கான் ஆடியைக் கண்ணுக்குப் பயன்படுத்திப் பார்த்த கட்டுரை ஒன்று ஆப்டிக்ஸ் லெட்டர்ஸ் இதழில் வந்தது. ஆசிரியர் பட்டியலில் வில்லியம்ஸ் கடைசிப் பெயர். நடுவில் பால் பியர்டன் பெயர் இருக்கிறது. விற்றவரும் வாங்கியவரும் ஒரே கட்டுரையில் கையெழுத்திடுகிறார்கள். விற்பனைப் பிரிவு என்று தனியாக ஒன்று எதற்கு?

வானியலில் கதை இன்னும் பெரியது. சிலி நாட்டிலுள்ள 8 மீட்டர் ஜெமினி தெற்குத் தொலைநோக்கிக்கு, பிற விண்மீன்களின் கோள்களை நேரடியாகப் படமெடுக்கும் கருவி ஒன்றை புரூஸ் மெக்கின்டாஷ் தலைமையில் திட்டமிட்டார்கள். ஜெமினி பிளானெட் இமேஜர் என்று பெயர். விண்மீனைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கலான கோளைப் பார்க்க ஆயிரக்கணக்கான இயக்கிகள் வேண்டும். பீசோ ஆடியில் இயக்கிகளுக்கு இடையே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தேவைப்படும். வரிசைக்கு 64 என்றால் ஆடியே ஓரடிக்கு மேல் அகலம். அதைச் சுற்றி அமையும் கருவி தொலைநோக்கியின் பின்புறம் தொங்க வேண்டும், இடம் கிடையாது. பாஸ்டன் ஆடியில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். வரிசைக்கு 64, மொத்தம் 4,096 இயக்கிகள், ஓரத்துக்கு ஓரம் 26 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொஞ்சம்தான் தாண்டும்.

ஆனால் அத்தகைய ஆடி அப்போது இருக்கவில்லை. 32க்கு 32 ஆடிதான் இருந்தது. சான்டா க்ரூஸ் ஆய்வகத்தில் அந்த ஆடிகளை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள்: எந்த இயக்கி எத்தனை நானோமீட்டர் நகர்கிறது, பக்கத்து இயக்கியை எவ்வளவு இழுக்கிறது, நாளைக்கும் அதே இடத்தில் நிற்குமா. 2006இல், ஆடி கட்டுப்படுத்தக்கூடிய அளவுகளில் மேடுபள்ளத்தை ஒரு நானோமீட்டருக்குக் கீழே கொண்டுவர முடியும் என்று அந்தக் குழு வெளியிட்டது. இது வாங்கிய பொருளைச் சோதிப்பது அன்று. அடுத்த ஆடியை எப்படிச் செய்ய வேண்டும் என்று செய்பவருக்குச் சொல்வது. ஒரு சிறு நிறுவனம் சொந்தச் செலவில் இந்த அளவுக்கு ஆய்வாளர்களை அமர்த்தியிருக்க முடியாது.

4,096 இயக்கி ஆடி வந்தபோதும் அது குறையற்றது அல்ல. சில இயக்கிகள் உயிரற்றிருந்தன. அசையாத ஓர் இயக்கி, கோள் தேடும் கருவியில் ஒளி கசியும் ஓட்டை. கருவி செய்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆடியின் நல்ல பகுதியை ஒளிக்கு நேராக வைத்தார்கள். உள்ளே மிஞ்சிய உயிரற்ற புள்ளிகளுக்கு நேராக, பின்னால் வரும் மறைப்புத் தட்டில் குட்டிக் குட்டி மறைப்புகள் வைத்தார்கள். ஆடியின் அசைவு சில மைக்ரான்தான் என்பதால் காற்றின் பெரிய அலைகளைச் சமாளிக்க பிரான்சின் சிலாஸ் நிறுவனத்திடம் பீசோ ஆடி ஒன்றையும் வாங்கி முன்னால் வைத்தார்கள். ஒலிபெருக்கிக்காரர்கள் சொல்வதுபோலவே இவற்றுக்கு ஊஃபர், ட்வீட்டர் என்று பெயர். ஈரக்காற்றில் உயர் மின்னழுத்தம் சிலிக்கானை அரித்துவிடும் என்பதால் உலர்ந்த காற்று ஓட ஏற்பாடு. 2013 நவம்பரில் கருவி முதல் ஒளி கண்டது. பீட்டா பிக்டோரிஸ் விண்மீனின் கோளை ஒரே ஒரு நிமிட ஒளிப்பதிவில் காட்டியது. 2015இல் 51 எரிடானி என்ற விண்மீனைச் சுற்றும் இளம் கோளைக் கண்டுபிடித்த செய்தி வந்தது.

பொருளில் குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தால்? வாங்கியவர் கோபிக்கவில்லை, தன் கருவியை அந்தக் குறைக்கேற்ப மாற்றிக்கொண்டார். பத்தாண்டுகள் சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு இடையில்தான் இது நடக்கும்.

சிறிய ஆடிகளும் நல்ல இடங்களுக்குப் போயின. கால்டெக்கும் புனேயிலுள்ள ஐயூக்கா வானியல் மையமும் சேர்ந்து செய்த ரோபோ ஏஓ என்ற கருவியில் வைத்தது இவர்களுடைய 140 இயக்கி ஆடி. ஆள் இல்லாமல் தானே இரவு முழுதும் லேசரை ஏவி, தானே திருத்தி, ஒன்றன்பின் ஒன்றாக விண்மீன்களைப் படமெடுக்கும் கருவி அது. பாலோமர் மலையின் 1.5 மீட்டர் தொலைநோக்கியில், கெப்லர் விண்கலம் கண்ட 715 கோள் வேட்பாளர்களை அது ஆராய்ந்த முடிவு 2014இல் வெளியானது. இந்திய வானியலாளர் ஏ. என். ராமபிரகாஷ் அந்தக் குழுவின் முக்கியமானவர்களில் ஒருவர். 2020இல் எம்ஐடி செய்த டெமி என்ற சிறு செயற்கைக்கோளில் அதே வகை 140 இயக்கி ஆடி விண்வெளிக்கும் போய்விட்டது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். நடந்திருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பிரான்சுவா ரோடியே என்ற அறிஞரின் குழுவில் எலான் கிரேவ்ஸ், மால்கம் நார்த்காட் என்று இரண்டு தேர்ந்த கருவியாளர்கள் இருந்தார்கள். 1999இல் ஜெமினி வடக்குத் தொலைநோக்கி வெளியிட்ட முதல் கூர்மையான படங்கள் இவர்கள் செய்த ஹோக்குபா கருவியில் எடுத்தவை. 2000இல் இருவரும் ஏஆப்டிக்ஸ் என்ற நிறுவனத்தைக் கலிஃபோர்னியாவில் தொடங்கினார்கள். க்ளெய்னர் பெர்கின்ஸ் போன்ற பெரிய முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். அந்த அளவு பணம் வந்தால் அந்த அளவு சந்தை வேண்டும். வளையும் ஆடியை வைத்துக் கட்டடத்துக்குக் கட்டடம் லேசரில் தகவல் அனுப்பப் பார்த்தார்கள். விமான நிலையங்களில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் பயணியின் கருவிழியைப் படமெடுத்து ஆள் அடையாளம் காணும் பெட்டி செய்தார்கள். பிறகு கைப்பேசியில் மாட்டும் அடையாளக் கருவி. ஒவ்வொன்றிலும் தொழில்நுட்பம் உண்மையானது. நிறுவனம் இன்று இல்லை. அந்த இருவரின் திறமையில் குறை காண யாராலும் முடியாது. அவர்களைச் சுற்றிப் பழைய வாடிக்கையாளர்கள் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிய அந்நியர்களிடம் போய் நின்றார்கள். என் தீர்ப்பு அதுதான்.

இத்தாலியில் நடந்ததோ யாரும் எதிர்பாராதது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் போல்சானோ நகரில் மைக்ரோகேட் என்ற நிறுவனம் 1989இல் தொடங்கியது. பனிச்சறுக்குப் பந்தயங்களுக்கு நேரம் அளக்கும் கருவி செய்வது அவர்கள் தொழில், இன்றும் செய்கிறார்கள். ஃப்ளாரன்ஸ் அருகே ஆர்ச்சேத்ரி ஆய்வகத்தில் பியேரோ சலினாரி, தொலைநோக்கியின் இரண்டாம் ஆடியையே காந்தச் சுருள்களால் வளைக்கலாம் என்று யோசித்தபோது, அதி துல்லிய நேரக் கட்டுப்பாட்டு மின்னணுவியல் தெரிந்தவர்கள் இவர்கள்தான் என்று கண்டுகொண்டார். இயந்திரப் பகுதிக்கு லெக்கோ அருகிலுள்ள ஏடிஎஸ் இன்டர்நேஷனல். 2002இல் அரிசோனாவின் எம்எம்டி தொலைநோக்கியில் 336 இயக்கிகள். பிறகு 672, பிறகு ஐரோப்பியத் தெற்கு ஆய்வகத்தின் தொலைநோக்கியில் 1,170. இப்போது சிலியில் எழும் மாபெரும் ஐரோப்பியத் தொலைநோக்கிக்கு 2.4 மீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனும் கொண்ட ஆடிக்கு 5,316. இதில் ஸ்டார்ட்அப் எங்கே, முதலீட்டுச் சுற்று எங்கே? ஆய்வகமும் இரண்டு சிறு நிறுவனங்களும் முப்பது ஆண்டு கைகோத்து நின்றதுதான் இருக்கிறது.

போட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்சின் க்ரெனோபிளில் 2008இல் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த ஆல்பாவோ நிறுவனம் காந்தத்தால் வளையும் ஆடி செய்கிறது, அசைவு அதிகம். அரிசோனா பல்கலைக்கழகத்தின் மேக்ஏஓ எக்ஸ் என்ற கருவியைத் திறந்து பார்த்தால், உள்ளே ஆல்பாவோ ஆடியும் பாஸ்டன் ஆடியும் ஒரே ஒளிப்பாதையில் இருக்கின்றன. ஒன்று பெரிய அலையைத் திருத்துகிறது, மற்றது சிறிய அலையை. சந்தை இவ்வளவு சிறிதாக இருக்கும்போது போட்டியாளரும் குழுவில் பாதி ஆள்தான்.

மாணவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களில் இப்படிப்பட்ட ஆடியோ உணரியோ செய்யப்போகிறவர்கள் யாரிடமும் கேட்காமலே தொடங்கிவிடுவீர்கள். இந்த அவையில் ஆய்வு நிறுவனங்களின் கொள்முதல் குழுக்களில் இருப்பவர்கள் சிலர் அமர்ந்திருப்பது எனக்குத் தெரியும். என் வேண்டுகோள் அவர்களிடம். இந்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, புத்தொழில் நிறுவனங்களுக்கு முன்னனுபவம், ஆண்டு விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்கிறது. தரமும் தொழில்நுட்பத் தேவையும் நிறைவேறினால் போதும். தளர்த்தலாம் என்றுதான் சொல்கிறது, தளர்த்த வேண்டும் என்று சொல்லவில்லை. முடிவு உங்கள் கையில். அடுத்த கருவிக்கு டெண்டர் எழுதும்போது, இதே பொருளை மூன்று ஆண்டு விற்ற அனுபவம் வேண்டும் என்ற வரியை எடுத்துவிடுங்கள். வந்து சேரும் முதல் ஆடியில் சில இயக்கிகள் வேலை செய்யாமல் போகலாம். திருப்பி அனுப்பாதீர்கள், எவை வேலை செய்யவில்லை என்று அளந்து, அந்தப் பட்டியலைச் செய்தவர்களுக்கு அனுப்புங்கள்.